கப்சாயின் சிறிய வாய்

கெடாவில் கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு கலக்கும் இடம் என்பதால் ஊருக்குக் கோலா கெத்தில் என்று பெயர். சுற்றிலும் கித்தாத் தோட்டங்கள். இருட்டோடு பெரட்டுக்கு எழுந்து, நிறையில் மரம் வெட்டி, பால் வாளியைத் தோளில் காண்டா போட்டும் சைக்கிளில் கட்டியும் ஸ்டோருக்குக் கொண்டு போன தலைமுறை ஒன்று உண்டு. பின்னாளில் அந்தச் சுமை கப்சாயின் பின்பக்கம் ஏறிக்கொண்டது.

ஹோண்டா நிறுவனம் 1958 ஆகஸ்டில் 49 சிசி சூப்பர் கப் மோட்டார் சைக்கிளை ஜப்பானில் வெளியிட்டது. பினாங்கில் பஸ் கழுவிப் பிழைப்பைத் தொடங்கிய லோ பூன் சியூ, அதே ஆண்டு மலாயாவுக்கு அதன் விநியோகஸ்தர் ஆனார். ‘கப்’புடன் ‘குட்டி’ எனப் பொருள்படும் சீனச் சொல் ஒட்டி ‘கப்சாய்’ ஆனது என்பார்கள். 72 சிசி கொண்ட சி70 தோட்டப்புறத்துக்கென்றே செய்த வண்டி போலப் பொருந்திப்போனது.

அதற்குக் காரணம் குதிரைசக்தி அல்ல, கார்புரேட்டரின் குறுகிய தொண்டை. காற்று அதற்குள் விரையும்போது அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் ஜெட் வழியாகப் பெட்ரோலை மேலே இழுக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மூச்சிழுக்கும். 72 சிசி எஞ்சின் 5,000 சுற்றில் ஓடினாலும் நிமிடத்துக்கு அதிகபட்சம் சுமார் 180 லிட்டர் காற்றுதான். பால் சுமையோடு மண்சடக்கில் ஊரும்போது அதில் பாதிகூட இராது. அந்தச் சிறு மூச்சுக்கு அகன்ற தொண்டையை வைத்தால் காற்று சோம்பிவிடும், பெட்ரோல் ஏறாது. முறுக்கினால் வண்டி திணறி அணையும்.

1994-இல் கப்சாய்களுக்கான மலேசிய கப் பிரி பந்தயம் தொடங்கியது. பந்தய வண்டியைப் பார்த்த இளைஞர்களுக்குப் பெரிய கார்புரேட்டர் மோகம் பிடித்ததில் வியப்பில்லை. பந்தயக்காரர் கேமையும் வால்வையும் எக்சாஸ்டையும் சேர்த்தே மாற்றி, எஞ்சினை எந்நேரமும் உச்சச் சுற்றில் வைத்திருப்பார். பெரிய வாய் அங்கே வேலை செய்யும். சந்தைக்குப் போகும் வண்டிக்கு அது பெட்ரோல் செலவு, கூடவே கொஞ்சம் சத்தம்.

அமெரிக்க நாஸ்கார் ஸ்டாக் கார்களின் கணக்கும் இதேதான், அளவுதான் பூதாகரம். 5.8 லிட்டர் எஞ்சின் 8,000 சுற்றில் நிமிடத்துக்கு 23,000 லிட்டருக்கு மேல் காற்று கேட்கும். அதனால்தான் நான்கு தொண்டை கொண்ட ஹோலி கார்புரேட்டர். ஆனால் 1987-இல் டல்லடேகா பந்தயத் தடத்தில் பாபி அலிசனின் கார் பறந்து பார்வையாளர் வேலியைக் கிழித்தது. மறு ஆண்டே டேடோனாவிலும் டல்லடேகாவிலும் கார்புரேட்டருக்கு அடியில் நான்கு ஓட்டைகள் கொண்ட தகடு கட்டாயமாயிற்று. வேகத்தை அடக்க அதிகாரிகள் எஞ்சினைத் தொடவில்லை, மூச்சுக்குழலைத்தான் நெரித்தார்கள். 2012-இல் நாஸ்காரின் முதன்மைத் தொடர் கார்புரேட்டரையே கைவிட்டது.

கெடாவில் அதற்கு முன்பே தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. கித்தா வெட்டியவர்களின் பிள்ளைகள் சுங்கை பட்டாணி, கூலிம் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள், பெரும்பாலும் கப்சாயில்தான். புதிய வண்டிகளில் பெட்ரோல் அளவைக் கணினி பார்த்துக்கொள்கிறது. பழைய சி70 வைத்திருப்பவர்தான் இன்னும் ஒரு சிறிய திருப்புளியோடு குந்தி, காற்றுத் திருகைக் கால் சுற்று முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறார்.