வைஃபை சிக்னல் ஃபுல்... ஆனா நெட் வரலையா? 'லாகின் பேஜ்' கனெக்‌ஷனில் ரவுட்டரை இணைப்பது எப்படி?

புது ரவுட்டர் வாங்கி மாட்டியாச்சு. மொபைலில் வைஃபை சிக்னலும் ஃபுல்லாகக் காட்டுகிறது. ஆனால் யூடியூப் ஓடவில்லை, வாட்ஸ்அப் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "ரவுட்டர் டூப்ளிகேட் போல" என்று கடைக்கே திருப்பி எடுத்துப் போகிறவர்களும் உண்டு. கொஞ்சம் பொறுங்க. உங்கள் வீட்டு இணைப்பு 'வெப் லாகின்' வகையாக இருந்தால், பிரச்னை ரவுட்டரில் இல்லாமலும் இருக்கலாம்.

வெப் லாகின் என்றால் என்ன?

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் போன்ற தென்சென்னை புறநகர்ப் பகுதிகளில் ஒரே தெருவில் வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்புகள் இருக்கும். பிஎஸ்என்எல் ஃபைபர் போன்றவற்றில் 'பிபிபிஓஇ' முறை உண்டு. யூசர் நேம், பாஸ்வேர்டை ரவுட்டருக்குள் ஒருமுறை பதிந்துவிட்டால் போதும், அதுவே ஒவ்வொரு முறையும் இணைந்துகொள்ளும்.

வெப் லாகின் அப்படி இல்லை. கேபிளைச் செருகியதும் ஐபி முகவரி கிடைத்துவிடும். ஆனால் பிரவுசரில் வரும் பக்கத்தில் யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுக்கும் வரை வேறு எதுவும் திறக்காது. ரயில் நிலைய வைஃபையில் மொபைல் நம்பரும் ஓடிபியும் கேட்கிறதே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். ஆக்ட் ஃபைபர்நெட் போன்ற சில நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளுக்கும் இந்த முறையைப் பயன்படுத்தி வந்துள்ளன.

ஒவ்வொரு மொபைலிலும் லாகின் செய்யணுமா?

தேவையில்லை. வீட்டில் பத்து சாதனங்கள் இருந்தாலும், நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரிவது ரவுட்டர் ஒன்று மட்டுமே. அதனால் ரவுட்டரின் வைஃபையில் இருக்கும் ஏதாவது ஒரு மொபைலில் லாகின் செய்தாலே போதும், டிவி, லேப்டாப், சிசிடிவி என எல்லாவற்றுக்கும் நெட் வந்துவிடும்.

எப்படி இணைப்பது?

1. வெளியிலிருந்து வரும் கேபிளை ரவுட்டரின் 'வான்' போர்ட்டில் செருகுங்கள். பெரும்பாலும் அது தனி நிறத்தில் இருக்கும். 'லேன்' போர்ட்டில் செருகினால் ஒவ்வொரு சாதனமும் தனித்தனியாக லாகின் கேட்க வாய்ப்புண்டு.

2. ரவுட்டர் செட்டிங்ஸில் இணைப்பு வகையை 'டைனமிக் ஐபி' என்று வையுங்கள். இங்கே பிபிபிஓஇ-யைத் தேர்வு செய்தால் நெட் வராது.

3. வைஃபைக்குப் புதுப் பெயரும் வலுவான பாஸ்வேர்டும் கொடுங்கள்.

4. மொபைல் டேட்டாவை ஆஃப் செய்துவிட்டு, வைஃபையில் இணைந்து, நிறுவனம் கொடுத்த லாகின் முகவரியை பிரவுசரில் டைப் செய்து உள்ளே போங்கள்.

லாகின் பேஜே வரலையா?

முதலில் விபிஎன்-ஐயும், ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டிஎன்எஸ்' வசதியையும் ஆஃப் செய்து பாருங்கள். இப்போது பெரும்பாலான தளங்கள் 'எச்டிடிபிஎஸ்' பாதுகாப்பில் இயங்குகின்றன. அவற்றைத் திறக்கும்போது நிறுவனத்தால் உங்களை லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிட முடியாது, எர்ரர் மட்டுமே வரும். இதற்காகவே 'நெவர்எஸ்எஸ்எல் டாட் காம்' என்ற தளம் இருக்கிறது. அதைத் திறந்தால் லாகின் பேஜ் தானாக வர வாய்ப்பு அதிகம்.

அப்படியும் வரவில்லை என்றால் 'மேக்' முகவரியைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள அடையாள எண் இது. முதலில் லேப்டாப்பில் நேரடியாகக் கேபிளைச் செருகிப் பயன்படுத்தியிருந்தால், நிறுவனத்தின் கணக்கில் அந்த லேப்டாப்பின் எண் பதிவாகியிருக்கலாம். புது ரவுட்டரை அது ஏற்காது. கஸ்டமர் கேரில் "மேக் ரீசெட் பண்ணுங்க" என்று கேளுங்கள். அல்லது ரவுட்டரில் உள்ள 'மேக் குளோன்' வசதி மூலம் லேப்டாப்பின் எண்ணையே ரவுட்டருக்குக் கொடுக்கலாம்.

கரன்ட் போனால் சிசிடிவியும் போகுமா?

இந்த முறையின் பெரிய சிக்கலே இதுதான். கரன்ட் போய் ரவுட்டர் அணைந்தால் லாகின் முடிந்துபோகலாம். கரன்ட் திரும்பினாலும், யாராவது வந்து மறுபடி லாகின் செய்யும் வரை நெட் வராது. சிசிடிவியால் தானே பாஸ்வேர்டு போட முடியாது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அப்படியொரு நேரத்தில் மொபைலில் வீட்டைப் பார்க்கலாம் என்று நம்பி கேமரா வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். ரவுட்டருக்கும், ஃபைபர் இணைப்பாக இருந்தால் அதனுடன் வரும் ஓஎன்டி பெட்டிக்கும் மினி யூபிஎஸ் வைப்பது நல்லது. வாங்கும் முன் இரண்டின் அடாப்டரிலும் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 'ஆட்டோ லாகின்' அல்லது பிபிபிஓஇ-க்கு மாற்றித் தர முடியுமா என்று நிறுவனத்திடம் கேட்பதும் பலன் தரும்.

பாஸ்வேர்டு விஷயத்தில் உஷார்!

உங்கள் லாகினில் யார் நெட் பயன்படுத்தினாலும் கணக்கு உங்கள் பெயரில்தான். இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று 'செர்ட்-இன்' உத்தரவிட்டுள்ளது. பக்கத்து வீட்டுக்காரரோ, மாடியில் வாடகைக்கு இருப்பவரோ உங்கள் வைஃபையில் ஏதாவது தவறு செய்தால், விசாரணை முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். அதனால் லாகின் பாஸ்வேர்டும் வைஃபை பாஸ்வேர்டும் ஒன்றாக இருக்க வேண்டாம்.

லாகின் பேஜ் ஏடிஎம் பின் நம்பரோ, வங்கி விவரமோ கேட்டால் உடனே மூடிவிடுங்கள். நெட் திறக்க அதெல்லாம் தேவையே இல்லை.

எல்லாம் செய்தும் நெட் வரவில்லையா? கஸ்டமர் கேரில் புகார் செய்து, புகார் எண்ணை மறக்காமல் வாங்கி வையுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், டிராயின் 2012 விதிமுறைப்படி அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அங்கே அந்தப் புகார் எண் கட்டாயம் தேவைப்படும்.