முழங்காலில் ஒரு பலகணி

எடப்பாடியில் குழித்தறியின் ஓசை கேட்டு வளர்ந்தவன் நான். பின்னாளில் அங்கே விசைத்தறிகள் பெருகிவிட்டன. எனினும், குழியில் காலைத் தொங்கவிட்டு மிதிகளை மாறிமாறி மிதித்த என் பெரியப்பாவின் தோற்றம் இன்னும் மனக்கண்ணில் நிற்கிறது. தைப்பூசத்தை ஒட்டி எங்கள் ஊரார் காவடி சுமந்து பழனிக்கு நடந்தே செல்வர். முழங்கால் பழுதுற்ற ஆண்டில் அவர் திண்ணையிலேயே தங்கிவிட்டார். தறியும் நின்றது, யாத்திரையும் நின்றது. சம்மணமிட்டுப் பந்தியில் அமரவும் இயலாமற்போனது.

இத்துன்பத்தை நன்கறிந்த மற்றொரு நாடு ஜப்பான். அங்கும் மக்கள் காலை மடக்கிப் பாயில் அமரும் வழக்கமுடையவர்கள். காசநோய் முழங்காலைப் பற்றினால் மூட்டு விறைத்துவிடும். நோயை முளையிலேயே காண விரும்பிய கென்ஜி தகாகி என்னும் டோக்கியோப் பேராசிரியர், 1918ஆம் ஆண்டில், சிறுநீர்ப்பையை நோக்கும் குழலைப் பிணத்தின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். 1920இல் அவர் அமைத்த கருவியின் பருமன் 7.3 மில்லிமீட்டர். அது உதவவில்லை. 1931இல் 3.5 மில்லிமீட்டர்க் கருவி ஒன்றைச் செய்து முடித்தார். டென்மார்க்கு நாட்டு நோர்டென்டாப்ட் 1912இலேயே பெர்லினில் இத்தகைய முயற்சியை எடுத்துரைத்தார் என்பர். முதன்மை யாருக்கு என்னும் வழக்கில் நான் புக விரும்பவில்லை.

தகாகியின் மாணாக்கர் மசாகி வத்தனபே, 21ஆம் எண் கருவி என்று பெயர் பெற்ற கருவியை உருவாக்கினார். அதன் முனையில் சிறு மின்விளக்கு எரியும். மூட்டுக்குள் அது உடைந்துவிடுமோ என்ற அச்சமும் உடனிருக்கும்! கண்ணாடியிழை வழியே ஒளி செலுத்தும் முறை வந்த பின்னரே அவ்வச்சம் நீங்கிற்று.

நம் முழங்காலில் பிறைமதி போன்ற இரண்டு குருத்தெலும்புகள் உண்டு. கால் திருகும்போது ஒன்று கிழிந்தால், அக்கிழிசல் மூட்டிடுக்கில் சிக்கும். காலை நீட்ட வராது. முற்காலத்து அறுவை வைத்தியர் மூட்டைத் திறந்து, பயனற்றதென்று கருதி, அதை முழுவதுமே அகற்றினர். 1948இல் பேர்பேங்க் என்னும் ஆங்கில மருத்துவர், அவ்வாறு அகற்றப்பட்ட முழங்கால்களின் எக்ஸ்ரே படங்களில் மூட்டு தேயும் அறிகுறிகளைக் காட்டினார். ஆகவே, கிழிந்ததை மட்டும் நீக்கி எஞ்சியதைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 1962ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் வத்தனபே அதைச் செய்துகாட்டினார். மூட்டை உப்புநீரால் விரித்து, ஒரு துளையில் நோக்குகுழலும் மறு துளையில் சிறு கத்தரியும் செலுத்துவதே இம்முறை. 1964இல் டோக்கியோவில் அவரிடம் கற்ற ராபர்ட் ஜாக்சன், அதைக் கனடாவுக்குக் கொண்டுசென்று பரப்பினார்.

கருவி எளிதானதும் ஆசை மிகுந்தது. முதுமையில் தேய்ந்த மூட்டுகளையும் துளையிட்டுக் கழுவத் தொடங்கினர். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் 180 நோயாளிகளை மூவகையாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஒரு வகையினருக்குத் தோலில் மட்டும் கீறி, உள்ளே எதுவும் செய்யாமல் விட்டனர். 2002இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திடுக்கிடச் செய்தது: ஈராண்டுக்குப் பின்னும் மூவகையினரின் வலியிலும் வேற்றுமை இல்லை!

எங்கள் ஊரில் எவரேனும் இச்சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று என்னைக் கேட்டால், சடுகுடு ஆட்டத்தில் திருகிய முழங்காலா, தறியில் தேய்ந்த முழங்காலா என்றே முதலில் வினவுகிறேன்.