குர்துபாவில் ஒரு மூலிகை நூல்

யூதரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இணைந்து வாழ்ந்த பூமியென அந்தலூஸைப் பற்றிப் பலரும் பெருமையுடன் பேசுவர். அம்மூவரும் உண்மையில் கூடிச் செய்த பணியொன்றை இன்று நோக்குவோம்.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் தியுஸ்கூரிதிஸ், மூலிகைகளைப் பற்றி ஐந்து பாகங்களில் ஒரு நூல் எழுதினார். அப்பாஸிய கலீபா முதவக்கிலின் காலத்தில் (847–861) பக்தாதில் இஸ்திபான் இப்னு பஸீல் என்ற கிறிஸ்தவர் அதனை அரபியாக்க, ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ அறிஞர் திருத்திக் கொடுத்தார். அரபுப் பெயர் தெரியாத மூலிகைகளை இஸ்திபான் கிரேக்கச் சொல்லிலேயே விட்டுவைத்தார். அவற்றை அறிந்த ஒருவரைப் பின்னொரு காலத்தில் அல்லாஹ் அனுப்புவான் என்ற நம்பிக்கையிலேயே அவ்வாறு செய்தார் என்கிறார் குர்துபாவின் வைத்தியர் இப்னு ஜுல்ஜுல். இது சிறிய அமானிதமன்று. பெயர் பிழைத்தால் மூலிகை மாறும். மூலிகை மாறினால் மருந்தே நஞ்சாகிவிடும்.

ஹிஜ்ரி 337இல் (948/949) கொன்ஸ்தாந்திநோபிளின் கிறிஸ்தவப் பேரரசர், குர்துபாவின் கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்கு அந்நூலின் கிரேக்கப் பிரதியொன்றை அழகிய ஓவியங்களுடன் அன்பளிப்பாக அனுப்பினார். அரசர்களின் நட்பில் அரசியல் கணக்கும் இருந்தது; பாத்திமிய ஆட்சி இருவருக்குமே தலையிடியாக இருந்தது. எனினும் குர்துபாவின் கிறிஸ்தவர்களில் ஒருவருக்கேனும் கிரேக்கம் வாசிக்கத் தெரியவில்லை. நூல் கலீபாவின் களஞ்சியத்திலேயே கிடந்தது. கலீபா ஆள் கேட்டு எழுதினார். ஹிஜ்ரி 340இல் நிக்கலாஸ் என்ற துறவி வந்து சேர்ந்தார்.

அவரை நெருங்கிப் பழகி, நூலின் பொருளறியப் பெரிதும் ஆவல் கொண்டவர், கலீபாவின் வைத்தியரும் அரசவைப் பிரமுகருமான ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் என்ற யூதர். முஸ்லிம் வைத்தியர்கள் பலரும் அவர்களுடன் சேர்ந்தனர். சிசிலியைச் சேர்ந்த அபூ அப்துல்லாஹ்வுக்குக் கிரேக்கம் பேசவும் மூலிகைகளை இனங்காணவும் தெரியும். துறவியிடம் மொழி இருந்தது. குர்துபாவின் மண்ணில் எது முளைக்கிறது என்பதை உள்ளூர் வைத்தியர்கள் அறிந்திருந்தனர். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. எவரும் தமது மார்க்கத்தை விட்டுவிட்டு அங்கு வரவில்லை.

அந்தலூஸ் எந்நாளும் இவ்வாறே இருந்ததென்று கூறினால் அது வரலாறாகாது. யூதரும் கிறிஸ்தவரும் ஜிஸ்யா செலுத்திய திம்மிகளாகவே வாழ்ந்தனர்; சம அந்தஸ்து இருக்கவில்லை. 1066இல் கிரனாடாவில் யூதர்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். 1492இல் கிறிஸ்தவ அரசர்கள் அவர்களை ஸ்பெயினிலிருந்தே வெளியேற்றினர். இவற்றை அறிந்தே குர்துபாவின் அந்தச் சில ஆண்டுகளை நாம் மதிக்க வேண்டும்.

ஆய்வின் முடிவில், அவ்வளவு முக்கியமற்ற ஏறத்தாழ பத்து மூலிகைகளைத் தவிர ஏனையவற்றின் பெயர்கள் தெளிவாயின. கலீபா இரண்டாம் ஹகமின் ஆட்சியின் தொடக்கத்தில் நிக்கலாஸ் மரணமடைந்தார். அக்குழுவினரை இளைஞராகக் கண்டு பழகிய இப்னு ஜுல்ஜுல், துறவியையும் யூத வைத்தியரையும் முஸ்லிம் வைத்தியர்களையும் பெயர் குறிப்பிட்டு எழுதிவைத்தார். பின்னர், தியுஸ்கூரிதிஸின் நூலில் இடம்பெறாத மருந்துகளைத் திரட்டி, தாமே தனியொரு நூலும் எழுதினார்.