சாட்சியின் சொல்லும் சாட்சியின் உடம்பும்

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குக் கோர்ட்டுத் தீர்ப்புகளில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்குத் தீர்ப்பும் ஒரு பிரதிதான். ஒரே வாக்குமூலத்தை மூன்று நீதிமன்றங்கள் மூன்று விதமாக வாசித்திருக்கின்றன என்றால், வாசிப்பைப் பற்றி ஓயாமல் பேசுகிற நாம் அதைத் தாண்டிப் போய்விட முடியாது.

1972 மார்ச் 26 இரவு. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டம், தேசாய்கஞ்ச் காவல்நிலையம். சகோதரர் கொடுத்த புகாரின் பேரில் விசாரணைக்கு வந்த ஒரு பழங்குடிப் பெண் உள்ளே நிறுத்திவைக்கப்படுகிறாள். வயது 14இலிருந்து 16க்குள் என்றார் மருத்துவர். கான்ஸ்டபிள் ஒருவர் தன்னை வன்புணர்ச்சி செய்ததாகவும், குடித்திருந்த ஏட்டு தகாத விதத்தில் தொட்டதாகவும் அவள் சாட்சி சொன்னாள். சட்ட அறிக்கைகளில் இந்த வழக்கு ஏட்டின் பெயரில் இருக்கிறது: துக்காராம் எதிர் மகாராஷ்டிர அரசு. பேச்சு வழக்கில் அவள் பெயரில் இருக்கிறது. அதை நான் எழுதப்போவதில்லை.

1974இல் செஷன்ஸ் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. அவள் பெரிய பொய்க்காரி, உடலுறவுக்குப் பழகியவள் என்றது. 1976இல் உயர்நீதிமன்ற நாகபுரி அமர்வு இதைத் தலைகீழாக்கியது. பயந்து அடங்கிப்போவது சம்மதமாகாது என்று சொல்லி கான்ஸ்டபிளுக்கு 5 ஆண்டும் ஏட்டுக்கு 1 ஆண்டும் தண்டனை கொடுத்தது. 1978 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் இருவரையும் விடுவித்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஏட்டைப் பற்றி முதலில் பதிவான புகாரில் இருந்ததும், பிறகு கூண்டில் ஏறி அவள் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. முன்னுக்குப்பின் முரண் இருந்தால் சந்தேகத்தின் பலன் எதிரிக்குப் போகும். நமக்கு வேண்டியவர் என்பதற்காகச் சாட்சியைச் சோதிக்கவே கூடாது என்று ஆரம்பித்தால், நாளைக்குப் பொய் வழக்கில் மாட்டிக்கொள்கிற ஏழைக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகும்.

கான்ஸ்டபிள் விஷயம் வேறு. உடம்பில் காயமில்லை, எனவே எதிர்ப்பில்லை, எனவே சம்மதம். கத்தினேன் என்று அவள் சொன்னது இட்டுக்கட்டியது. இப்படிப் போகிறது தர்க்கம். ஒரு சொல்லை இன்னொரு சொல்லோடு வைத்துப் பார்ப்பது சோதனை. சொன்னவளின் உடம்பைப் பார்த்துவிட்டுச் சொல்லைத் தள்ளுவதை என்னவென்பது? இரவில், காவல்நிலையத்தில், சீருடைக்கு முன்னால் நின்றவள் என்பது இந்த வாசிப்பில் எங்கேயும் எடைபெறவில்லை.

இதை நீதிபதிகளின் மனசோடு நிறுத்திவிட முடியாது. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 155ஆம் பிரிவு, சாட்சியின் நம்பகத்தைக் குலைக்கும் வழிகளை வரிசைப்படுத்துகிறது. லஞ்சம் வாங்கியது, முன்பு வேறுமாதிரி சொன்னது போன்றவை எல்லாச் சாட்சிகளுக்கும் பொது. நான்காவது வழி வன்புணர்ச்சி வழக்கில் புகார் சொன்ன பெண்ணுக்கென்றே எழுதியது: அவள் பொதுவாக ஒழுக்கங்கெட்டவள் என்று காட்டலாம். திருட்டுக் கொடுத்தவனின் நடத்தைக்குச் சட்டம் இப்படித் தனி விதி எதுவும் எழுதிவைக்கவில்லை.

1979இல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983 திருத்தம் வந்தது: காவலில் நடந்த வன்புணர்ச்சியில் உடலுறவு நிரூபணமாகி, சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால், நீதிமன்றம் அப்படியே அனுமானிக்க வேண்டும். நான்காவது வழியை 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம்தான் நீக்கியது. 130 வருஷம். 2024 ஜூலை 1 முதல் ஸ்டீஃபனின் சட்டமே இல்லை, அதன் இடத்தில் வேறு சட்டம்.

பிரிவை நீக்கலாம்; வாசிப்பை? பெண் உடலுறவுக்குப் பழகியவளா என்று பார்க்கிற இருவிரல் பரிசோதனை அவள் உரிமையை மீறுகிறது என்று 2013இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2022இல் அதையே மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒன்பது வருஷமும் யாரோ அந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நம்பமுடியாத சாட்சிகள் உண்டு, இல்லையென்று யார் சொன்னது? அதை அவர்கள் சொன்ன சொல்லில் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.