சேலம் உருக்கு

சேலம் உருக்கு என்பது பழைய சேலம் மாவட்டத்தில் 19-ஆம் நூற்றாண்டு வரை சிறு உலைகளில் செய்யப்பட்ட எஃகு ஆகும். 1997-ஆம் ஆண்டில் தனி மாவட்டமான நாமக்கல் பகுதியும் அக்காலத்தில் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. கஞ்சமலை முதலிய குன்றுகளில் காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாது கிடைக்கிறது. வெப்பமானியோ வேதியியல் ஆய்வோ இன்றி, கண்ணுக்குப் புலப்படும் அடையாளங்களைக் கொண்டே ஒவ்வொரு கட்டத்திலும் தரம் அறியப்பட்டது.

உருக்கும் முறை

பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1839-இல் வெளியிட்ட கட்டுரையில் இம்முறையை விவரித்துள்ளார். உமிக்கரி கலந்த களிமண்ணால் மூசைகள் செய்யப்பட்டன. ஒவ்வொன்றிலும் தேனிரும்புத் துண்டுகளும், அவற்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்கட்டையும் இடப்பட்டன. மேலே பச்சிலை வைத்து, வாய் களிமண்ணால் மூடப்பட்டது. இருபதுக்கு மேற்பட்ட மூசைகள் ஒரே உலையில் அடுக்கப்பட்டு, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் துருத்தியால் ஊதப்பட்டன. கட்டையின் கரி இரும்பில் சேர்ந்து எஃகாயிற்று.

தரம் அறிதல்

ஆறிய மூசையை உடைத்து எடுக்கும் கட்டியின் மேற்பரப்பே முதற் சான்று. நடுவிலிருந்து கதிர்கள் போல் வரிகள் பரவி, குழியின்றி இருந்தால் இரும்பு முழுதும் உருகியது எனக் கொள்ளப்பட்டது. தேனடை போன்ற துளைகளும், உருகாத இரும்பு முடிச்சுகளும் குறைபாட்டைக் காட்டின.

நல்ல கட்டியையும் உடனே அடிக்க இயலாது. உருகும் நிலைக்குச் சற்றுக் குறைவான சூட்டில் பல மணி நேரம் காற்றுப்படக் காய்ச்சி, மிகுதியான கரி நீக்கப்பட்ட பின்னரே அது சம்மட்டியால் கம்பியாக நீட்டப்பட்டது. கரி மிகுந்த எஃகு, அளவுக்கு மீறிய சூட்டில் அடித்தால் உதிரும். சூடு தணிந்தபின் அடித்தால் வெடிக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையை நெருப்பின் நிறத்தால் அறிவதே கொல்லரின் திறன். குறைந்த கரி கொண்ட இரும்பில் பழகிய ஐரோப்பியக் கொல்லர் பலர் இந்திய எஃகை அடிக்க இடர்ப்பட்டதற்கு இதுவே காரணம்.

19-ஆம் நூற்றாண்டில் சேலத்துக் கொல்லர் அருணாசலம் வடித்த வேட்டைக் கத்திகளும் ஈட்டிகளும் ஆங்கிலேயரிடையே பெயர்பெற்றிருந்தன.

வீழ்ச்சி

மலிவான இறக்குமதி இரும்பும் கரித் தட்டுப்பாடும் இத்தொழிலை அழித்தன. 1981-இல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளைச் செய்வது. மரபுத் தொழிலின் தொடர்ச்சி அன்று.

இன்றைய பட்டறைகள்

மூசை முறை மறைந்தாலும் அடிக்கும் கலை மறையவில்லை. தமிழ்நாட்டுக் கொல்லர் பலர் பழைய லாரிப் பட்டைகளைக் காய்ச்சி அரிவாள் முதலியன வடிக்கின்றனர். தோய்ச்சல் இட்ட முனையைத் தேய்த்து மீண்டும் சூடாக்கினால், ஏறத்தாழ 230 பாகை செல்சியசில் வைக்கோல் நிறமும், 300 பாகையில் நீலமும் தோன்றும். முன்னதில் கடினம் மிகும். பின்னதில் முறியாத் தன்மை மிகும். தொழிற்சாலைகளில் இந்நிறங்களின் இடத்தை வெப்பமானியும் கடினத்தன்மை அளவியும் பிடித்துள்ளன. அளவிகள் இல்லாப் பட்டறையில் கொல்லரின் கண்ணே இன்றும் அப்பணியைச் செய்கிறது.