மாதோட்ட வரலாறும் வரைபுத் தரவுத்தளமும்

மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலக் கரையில், இரட்டை அகழி சூழ்ந்த குதிரை லாட வடிவான மண்மேடு ஒன்று உளது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் விளங்கும் மாதோட்டம் அதுவே. பாளி நூலார் அத்துறையை மகாதித்த என்றனர். சோழர் இராசராசபுரம் எனப் பெயர் சூட்டினர். தொலமி குறித்த மொதுத்து என்னும் வாணிகத்தலமும் இதுவே என்பர் ஆராய்ச்சியாளர் சிலர். இன்று மாந்தை என்கிறோம். இத்தனை பெயர் தாங்கிய ஓரூரின் வரலாற்றுச் சான்றுகளைக் கணினியில் எவ்வாறு எழுதிவைப்பது என்னும் வினா, கணினி வல்லார்க்கு மாத்திரம் உரியதன்று; வரலாறு பயில்வோர்க்கும் உரியது.

இம்மேட்டிலே 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையில் விரிவான அகழ்வு நடைபெற்றது. சீனத்து மட்கலங்களும் மேற்காசியாவின் மெருகிட்ட சாடித் துண்டுகளும் மணிகளும் வெளிப்பட்டன. பின்னர்ப் போர் மூண்டது, பணி நின்றது. அவ்வகழ்வின் அறிக்கை நூலுருப் பெற்றது 2013ஆம் ஆண்டிலேயே. ஏறத்தாழ முப்பது ஆண்டு இடைவெளி! அகழ்ந்தெடுத்த ஓட்டைப் பெட்டியிலே காக்கலாம்; அஃது எம்மண்படையில், எதன் மேலும் எதன் கீழும் கிடந்தது என்னும் செய்தியோ குறிப்பேட்டில் மாத்திரமே வாழ்வது. ஓடு எஞ்சித் தொடர்பு அழியுமாயின் அவ்வோடு வரலாற்றுக்கு ஊமையே.

போருக்குப் பின் மீண்டும் அகழ்ந்தபோது கிடைத்த தாவர எச்சங்களின் ஆய்வு 2018இல் வெளியாயிற்று. அவற்றுள் ஒன்று, கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டதாக மதிக்கப்பெற்ற ஒரே ஒரு கராம்பு. நிறையிட்டால் ஒன்றுமில்லை. ஆயினும் கராம்பு அக்காலத்தில் மொலுக்காத் தீவுகளில் மட்டுமே விளைந்தது. அங்கிருந்து மாந்தைக்குக் கடல்வழி ஏறக்குறைய 7,000 கிலோமீற்றர். அதே மேட்டில் மிளகும் கிடைத்தது; ஈழத்தின் வடகரையில் விளையாத கோதுமையும் முந்திரிகை விதையும் கிடைத்தன. கராம்பின் பெருமை கராம்பில் இல்லை. அது கிடந்த படை, அப்படையின் காலம், அது புறப்பட்ட தீவு என்பவற்றோடு அதற்குள்ள தொடர்பில் உளது.

தொடர்புகளையே முதற்பொருளாகக் கொள்ளும் கணிதத் துறைதான் வரைபியல். பாடசாலையில் அச்சுகளின் நடுவே வரையும் வரைபினை ஈண்டுக் கருதற்க. கணுக்களும் அவற்றைத் தொடுக்கும் கோடுகளும் கொண்ட வலையே இங்கு வரைபு எனப்படும். கொனிக்ஸ்பேர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றி 1736இல் ஒயிலர் எழுதிய ஆய்வே இதன் தோற்றுவாய். தொல்லியலார் இதனை அறியாதவரல்லர். 1973இல் எட்வேட் ஹரிஸ் வகுத்த அணி, எப்படை எதற்கு மேற்பட்டது என்பதைக் கோடுகளால் காட்டும் வரைபேயாம்.

கணினியுலகோ இவ்வழிக்குச் சுற்றிவந்தே சேர்ந்தது. 1960களில் சார்ள்ஸ் பக்மன் அமைத்த தரவுத்தளம் பதிவுக்குப் பதிவு இணைப்புக் கொண்டிருந்தது. 1970இல் கொட் என்பார் யாவற்றையும் அட்டவணைகளாக்கும் முறையை முன்வைத்தார்; அதுவே வென்றது. மறுபுறம், 1967இல் நோர்வேயில் டாலும் நைகாட்டும் படைத்த சிமுலா மொழியிலிருந்து பொருள்நோக்குச் செய்நிரலாக்கம் கிளைத்தது. அம்முறையிலே துறைமுகம், கோயில், மண்படை என்பன தனித்தனி வகுப்புகள். ஒவ்வொரு பொருளும் பிறிதொன்றை நேரே சுட்டி நிற்கும். எனவே செய்நிரலில் வலையாய் நிற்பதை அட்டவணைகளாக உடைத்து வைத்தலும், வேண்டும்போது சாவிகளைக் கொண்டு மீளப் பொருத்தலும் செய்நிரலாளர்க்கு ஓயாத தொல்லையாயின. சுவீடனில் உருவாகி 2010இல் முதற்பதிப்பு வெளிவந்த நியோ4ஜே போன்ற வரைபுத் தரவுத்தளங்கள் இத்தொல்லையைப் பெரிதும் குறைத்தன. பொருள் கணுவாகும், சுட்டு இணைப்பாகும்.

மாந்தைக்கு இதனாற் பயன் என்ன? 'மேற்காசியச் சாடித்துண்டு கிடந்த படைக்கு மேற்பட்ட படைகளில் கீழ்த்திசைப் பண்டங்கள் எவை?' என வினவுவோம். ஒன்றன்மேல் ஒன்றாய் எத்தனை படை உள எனக் கேட்பவர் அறியார். அட்டவணை முறையில் ஒவ்வொரு படிக்கும் ஓர் இணைவு வேண்டும். தன்னைத் தானே மீளச்செய்யும் வினவல் 1999ஆம் ஆண்டு நியமத்தில்தான் அதற்கு வாய்த்தது. வரைபிலோ 'மேலுளது' என்னும் இணைப்பைப் பற்றிக்கொண்டு ஏறிச்சென்றாற் போதும். எனினும் ஓடுகளை எண்ணவும் நிறுக்கவும் கூட்டவும் அட்டவணையே சிறந்தது. வரைபைக் கண்டு அட்டவணையை எறிதல் பேதைமை.

இனி, அரிய சிக்கல் ஒன்று. கொழும்பு நூதனசாலையிலுள்ள மாந்தைச் சோழர் கல்வெட்டு, சிறுகூற்றநல்லூர்த் தலைவன் தாழி குமரன் மாதோட்டமான இராசராசபுரத்தில் இராசராசேச்சரம் எடுப்பித்ததைக் கூறுகிறது. மனிதன், ஊர், துறை, கோயில் ஆகிய நான்கு கணுக்களும் அவற்றின் இணைப்புகளும் ஒரே கல்லில் உள. இராசராசேச்சரம் திருக்கேதீச்சரத்தின் மறுபெயரா, வேறு கோயிலா? ஒருவன் புதிதாய் எடுப்பித்ததெனக் கல் கூறலின் வேறெனக் கொள்வதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆயினும் பதிவு செய்வோர் தம் கருத்தை அமைப்பிலேயே புதைத்துவிடலாகாது. இரண்டையும் ஒரே கணுவாக இணைத்துவிட்டால், பின்வருவோர் அங்கே ஒரு வினா இருந்ததென்றே அறியார். பல சமூகத்தாரும் தத்தம் முன்னோர் நினைவைப் பதித்துள்ள இக்கரையில் அது சிறு பிழையன்று.

இதற்கு வழி, கோயில்களை இரு கணுக்களாகவே நிறுத்தி, 'இரண்டும் ஒன்று' அல்லது 'வேறு' என்பதைக் 'கூற்று' என்னும் தனி வகுப்பாக்குதல். கூறியவர், கூறிய ஆண்டு, காட்டிய சான்று என்பன அக்கூற்றுக் கணுவோடு இணையும். வெறும் இணைப்புக்கோடு ஆண்டினைத் தாங்கும். நியோ4ஜே போன்றவற்றில் மற்றொரு கணுவைத் தன்னோடு தொடுத்துக்கொள்ளாது. ஆதலின் கூற்று கணுவாதல் வேண்டும். அனைத்துலக நூதனசாலை மன்றத்தின் ஆவணக் குழு 1996இல் பொருள்நோக்கு முறைக்கு மாறி வகுத்த மாதிரியும் இதற்கு இடமளிக்கிறது. அது 2006இல் அனைத்துலக நியமமாயிற்று.

செயலி இயற்றுவோர் நினைவிற் கொள்ளவேண்டியது இன்னொன்று. மாதோட்டம் என்னும் பொருளை அழைத்தால் அதனோடு தொடுத்த படைகளும் பண்டங்களும் தீவுகளும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு முழு வலையும் நினைவகத்தில் ஏறக்கூடும். எத்தனை படி வரை ஏற்றுவதென முன்னரே வரையறுத்தல் நன்று. தரவினை ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்கோ ஒரு செய்நிரல் மொழிக்கோ அடிமையாக்குதலும் தகாது. வரைபு வினவலுக்கெனப் பொது நியமம் 2024 ஏப்பிரலில்தான் வெளியாயிற்று. முப்பதாண்டு காத்திருந்த ஓர் அகழ்வறிக்கையை எண்ணும்போது, அந்நியமத்தின் வழி நின்று, கணுக்களையும் இணைப்புகளையும் எவரும் படிக்கத்தக்க எளிய எழுத்துக் கோப்பாகவும் ஒரு படி வைத்தலே மாந்தைக்கு ஏற்றது எனத் தோன்றுகிறது.