செஞ்சி புண்ணாக்கு மூட்டைக்கும் பெரு நாட்டு நெத்திலிக்கும் என்ன தொடர்பு? மீன் தூள் இறக்குமதி: முழு விளக்கம்

செஞ்சியில கடல் கிடையாது. கோட்டை, மலை, நெல், மணிலாதான். ஆனா இங்க ஆட்டுற மணிலாப் புண்ணாக்குக்கு, உலகின் மறுகோடியில் பிடிபடும் ஒரு சின்ன மீன் போட்டியாளர். எப்படி?

மீன் தூள் என்றால் என்ன?

மீனை வேகவைத்து, பிழிந்து, உலர்த்தி, அரைத்தால் கிடைப்பது மீன் தூள். ஒரு கிலோ தூளுக்கு 4 முதல் 5 கிலோ பச்சை மீன் வேண்டும். சுமார் 65% புரதம் இருப்பதால் இறால், மீன், கோழித் தீவனங்களில் சேர்க்கிறார்கள். மனிதர் உண்ணாத பொருள் என்பதால் சுங்கத்துறை இதை 2301 என்ற தனித் தலைப்பில் வைத்திருக்கிறது. ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு கணக்குப்படி, 2022-ல் உலகில் உணவுக்குப் போகாத மீன் சுமார் 2.08 கோடி டன். அதில் 83% தூளாகவும் எண்ணெயாகவும் மாறியது.

யார் விற்கிறார்கள்? யார் வாங்குகிறார்கள்?

விற்பதில் முதலிடம் பெரு. அன்ச்சோவெட்டா என்ற நெத்திலி இன மீன்தான் அதன் மூலதனம். வாங்குவதில் முதலிடம் சீனா. சமீப ஆண்டுகளில் ஆண்டுக்கு 15 லட்சம் டன்னுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. ஒரே மீன், ஒரே பெரிய வாடிக்கையாளர். சிக்கலே இங்கதான்.

2023-ல் என்ன நடந்தது?

எல் நினோவால் பெரு கடல் சூடானது. வலையில் குஞ்சு மீன்களே அதிகம் சிக்கியதால், வட மத்திய கடல் பகுதியின் முதல் மீன்பிடிப் பருவத்தையே அரசு ரத்து செய்தது. மீன் தூள் விலை எகிறியது.

இந்தியா எங்கே நிற்கிறது?

நாம் ஏற்றுமதியும் செய்கிறோம், இறக்குமதியும் செய்கிறோம். கர்நாடகா, மகாராஷ்டிரா, கேரளா கடற்கரைகளில் ஆலைகள் இருக்கின்றன. மத்தி அவற்றுக்கு முக்கிய மூலப்பொருள். இன்னொரு பக்கம், இறால் தீவனச் செலவைக் குறைக்க 2023 பட்ஜெட்டில் மீன் தூள் இறக்குமதி வரி 15%-லிருந்து 5% ஆனது. விழுப்புரம் மாவட்டத்திலேயே மரக்காணம் பக்கம் இறால் பண்ணைகள் இருப்பதால், இது நம்ம ஊர் விஷயமும்கூட.

புண்ணாக்கு மாற்றாகுமா?

ஓரளவுக்கு. மணிலாப் புண்ணாக்கிலும் 45% அளவுக்குப் புரதம் உண்டு. ஆனா லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்கள் குறைவு. ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சை நச்சு வரும். நல்லா காயவைத்த சரக்குக்குத்தான் தீவன ஆலையில மதிப்பு.

யாருக்குப் பாதிப்பு?

தூள் விலை ஏறினால் சின்ன மீனுக்கு ஆலைகள் போட்டி போடும். செனகல், காம்பியா போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில், ஏழைகள் சாப்பிட்ட மத்தி இன மீன்கள் ஆலைக்குப் போய், சந்தையில் விலை கூடியது. நம்ம கரையிலும் வலையில் சிக்கும் குஞ்சு மீன்கள், 'சங்காயம்' என்ற பெயரில் தீவனத்துக்குப் போகின்றன. வளரவிட்டிருந்தால் அவையே நாளைய குழம்பு மீன்.

இதற்குத் தீர்வு?

தலை, குடல், செதில் போன்ற கழிவிலிருந்தே தூள் எடுப்பது ஒரு வழி. உலக மீன் தூளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இப்போதே அப்படித்தான் வருகிறது. இந்தப் பங்கு கூடினால், சின்ன மீன் ஆலைக்குப் போகாமல் தட்டுக்கு வரும்.